குப்பைமேட்டு வாயுவும் காலக் கணக்கும்

லாஸ் ஏஞ்சலிஸ் மாநகருக்குக் கிழக்கே, விட்டியர் என்னும் ஊரை அடுத்த குன்றுகளின் நடுவே, 1957-ஆம் ஆண்டு முதல் 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி வரை அந்தச் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் கழித்துப் போட்டவற்றையெல்லாம் வாங்கிக்கொண்ட புவென்ட்டே ஹில்ஸ் குப்பை நிலம், தன் உச்ச காலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 13,000 டன் குப்பையை ஏற்று, 500 அடி அளவுக்கு வளர்ந்து, அமெரிக்க தேசத்திலேயே மிகப் பெரியது என்ற பெயரையும் பெற்றது. அதன் வயிற்றில் துளைக்கப்பட்ட கிணறுகளின் வழியே உறிஞ்சி எடுக்கப்பட்ட வாயு, 1980-களின் நடுப்பகுதி முதல் கொதிகலன்களில் எரிக்கப்பட்டு, நீராவிச் சுழலிகளை ஓட்டி, ஏறத்தாழ 50 மெகாவாட் மின்சாரத்தை அளித்து வந்தது. கடைசி லாரி திரும்பிப் போய், வாசற்கதவு சாத்தப்பட்ட பின்பும் அந்த வாயு வருவது நிற்கவில்லை. கழித்துப் போட்ட பொருளிலிருந்து ஒரு நகரத்துக்கு விளக்கேற்றும் இந்த வித்தை உலகெங்கிலும் பொறியியல் நிபுணர்களால் எடுத்துக்காட்டப்படுவதும், நம் நாட்டு நகரசபை உறுப்பினர்கள் அதைக் கேட்டு ஆசைப்படுவதும் இயல்பே. ஆயினும், எவ்வளவு வாயு பிடிபட்டது என்று சொல்லும் அறிக்கைகளைப் படிக்கும்போது, பிடிபடாமல் போனது எவ்வளவு, அது எந்தக் காலத்தில் போயிற்று என்ற இரண்டு கேள்விகளையும் கூடவே எழுப்பாதவர்கள் விஷயத்தில் பாதியைத்தான் அறிந்தவர்களாவார்கள். அக்கேள்விகளைச் சற்று நிதானமாக ஆராய்வதே இங்கு உத்தேசம்.

முதலில் வாயு உண்டாகும் விதத்தைப் பார்க்கலாம். சோறு, காய்கறித் தோல், இலை, காகிதம் முதலான மக்கும் பொருள்கள் மேலே மேலே கொட்டப்பட்டு, கனத்த இயந்திரங்களால் அழுத்தப்படும்போது, இடுக்குகளில் அகப்பட்டுக்கொண்ட காற்றிலுள்ள பிராணவாயு சீக்கிரத்திலேயே செலவழிந்துவிடுகிறது. அதன்பின் பிராணவாயு இல்லாமலே ஜீவிக்கும் நுண்ணுயிர்கள் காரியத்தை ஏற்றுக்கொண்டு, மாவையும் நாரையும் முதலில் சர்க்கரையாகவும் பிறகு அமிலங்களாகவும் சிதைக்கின்றன. அந்தப் புளிப்பு மிகுந்திருக்கும்வரை தயங்கி நிற்கும் மற்றொரு வகை நுண்ணுயிர்கள், அது தணிந்த மாத்திரத்தில் அமிலங்களை உண்டு மீத்தேனையும் கரியமில வாயுவையும் வெளியிடத் தொடங்குகின்றன. இந்நிலை ஸ்திரப்பட்ட பிறகு வெளிவரும் வாயுவில் ஏறத்தாழ பாதி மீத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு. மூக்கைத் துளைக்கும் நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலியவை மிகச் சொற்பம். மீத்தேனுக்கோ நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. ஆகையால் குப்பைமேட்டின் அருகே குடியிருப்போர் மூக்கைப் பொத்திக்கொண்டு அதிகாரிகளிடம் முறையிடுவதெல்லாம் அதன் சகபாடிகளைப் பற்றியதாகவே இருக்கிறது. இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா 1776-இல் மஜ்ஜோரே ஏரியின் கரையோரச் சேற்றைக் கிளறி, மேலெழுந்த குமிழிகளைப் பிடித்துக் கொளுத்திப் பார்த்ததும், நம் கிராமத்து வீடுகளில் சாண எரிவாயுக் கலம் அடுப்புக்குத் தருவதும் இதே வாயுதான்.

தொழிற்புரட்சிக்கு முன் வாயுமண்டலத்தில் நூறு கோடிக்கு ஏறத்தாழ 720 பங்காக இருந்த மீத்தேன் இன்று 1,900 பங்கைத் தாண்டி நிற்கிறது. மனிதரின் காரியங்களால் வெளியாகும் மீத்தேனில் ஐந்தில் ஒரு பங்கு குப்பையிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வருகிறது என்பது ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2021-இல் வெளியிட்ட மதிப்பீடு. கரியமில வாயுவோடு ஒப்பிட, எடைக்கு எடை, நூறு ஆண்டுக் கணக்கில் 27 மடங்கும், இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்கும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் சக்தி மீத்தேனுக்கு உண்டு. இரண்டு எண்களுக்கும் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால், காற்றில் அதன் ஆயுள் பன்னிரண்டு ஆண்டு அளவே; வந்த வேகத்தில் பெருந்தீங்கை விளைவித்துவிட்டு அது மறைந்துபோகிறது. இன்று அதைக் குறைத்தால் அதன் பலனை இன்றைய தலைமுறையே அனுபவிக்கலாம் என்று சொல்வதற்கு ஆதாரமும் இதுவே. பிடித்து எரித்துவிட்டால் ஒரு டன் மீத்தேன் 2.75 டன் கரியமில வாயுவாக மாறுகிறது. அந்தக் கரி, நெல்லும் வாழையும் கீரையும் வெகு சமீபத்தில் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதேயாதலால், கணக்கில் அது புதுப் பாரமாக ஏறுவதில்லை. எரிப்பதால் மின்சாரம் கிடைக்கிறதா இல்லையா என்பது இரண்டாம்பட்சம். எரிப்பதே முதல் பிரயோஜனம்.

இவ்வளவு நன்மை தெரிந்துதான் மனிதர் இந்த வாயுவைப் பிடிக்கத் தொடங்கினார்கள் என்று எண்ணிவிடலாகாது. தொடங்கி வைத்தவை ஆதாயமும் பயமும். 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருள் விலை ஏறியபோது, 1975-இல் கலிபோர்னியாவின் பாலோஸ் வெர்டெஸ் குப்பை நிலத்தில் வாயுவைச் சுத்திகரித்து விற்கும் முதல் வர்த்தக ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. பயத்தின் கதையோ இங்கிலாந்தின் டெர்பிஷயரில் லாஸ்கோ என்னும் சிற்றூரில் நடந்தது. அங்கே செங்கல் சூளைக்காகக் களிமண் வெட்டியெடுத்த பழைய பள்ளம் ஒன்றைக் குப்பையால் நிரப்பி மேலே மண் மூடி வைத்திருந்தார்கள். 1986-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி விடியற்காலைக்கு முந்திய சில மணி நேரத்துக்குள் காற்றழுத்தம் 29 மில்லிபார் அளவுக்குச் சரிந்தது. மேலே அமுக்கிக்கொண்டிருந்த காற்றின் பாரம் குறைந்ததும், நிலத்தின் அடியில் அடைபட்டுக் கிடந்த வாயு பாறை வெடிப்புகளின் வழியே பக்கவாட்டில் நகர்ந்து, ஏறத்தாழ 70 மீட்டர் தள்ளியிருந்த ஒரு தனி வீட்டின் தரைக்கடியில் போய்ச் சேர்ந்தது. காலை ஆறரை மணிக்கு, வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் பற்றிக்கொண்ட கணத்தில், அந்த வீடு அடியோடு தகர்ந்தது. உள்ளே இருந்த மூவரும் படுகாயத்துடன் உயிர் பிழைத்தார்கள். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவிகிதம் வரை கலந்திருக்கும்போதுதான் அது வெடிக்கும். அந்த வீட்டின் அடியில் அன்று அந்த விகிதம் அமைந்துவிட்டது. பள்ளத்தின் மேலே போட்டிருந்த மண்மூடி வாயு மேலெழாமல் தடுத்ததே ஒழிய, பக்கத்தில் போகாமல் தடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த விபத்துக்குப் பிறகே பிரிட்டனில் குப்பை வாயுவைக் கண்காணிப்பது கண்டிப்பான கடமையாயிற்று. காற்றழுத்தமானியின் முள் இறங்கும் நாட்களில் குப்பைமேடு அதிகமாக மூச்சு விடும் என்ற இந்த உண்மை, வாயுவை அளப்பதாகச் சொல்லிக்கொள்வோர் பலரும் இன்றும் போதிய அளவு மதிக்காத ஒன்று.

வாயுவை எடுக்கும் கிணற்றின் அமைப்பு பார்வைக்கு மிக எளியது. குப்பையினூடே இரண்டு மூன்று அடி அகலத்தில் ஆழமாகத் துளையிட்டு, கீழ்ப்பகுதியில் துவாரங்கள் இடப்பட்ட தடித்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றை இறக்கி, சுற்றிலும் கூழாங்கல் நிரப்பி, மேற்பகுதியில் நீர் பட்டால் உப்பி இறுகும் பெண்ட்டோனைட் களிமண்ணால் அடைத்துவிடுகிறார்கள். குழாயின் தலையில் ஒரு வால்வும், வாயுவின் மாதிரியை எடுத்துப் பார்க்கச் சிறு முனைகளும் இருக்கும். இவ்வாறு அமைந்த கிணறுகள் பலவும் பெருங்குழாய் ஒன்றில் இணைய, அதன் கோடியிலுள்ள விசிறி இயந்திரம் இடையறாது உறிஞ்சிக்கொண்டிருக்கும். சாமர்த்தியம் முழுவதும் அந்த வால்வைத் திருகுவதில் இருக்கிறது. குறைவாகத் திறந்தால் வாயு கிணற்றை நாடாமல் மேற்பரப்பின் வெடிப்புகளை நாடும். அதிகமாகத் திறந்தாலோ உறிஞ்சும் வேகத்தில் வெளிக்காற்று குப்பைக்குள் இழுக்கப்பட்டு, பிராணவாயுவைக் கண்டால் மடியும் நுண்ணுயிர்கள் அழிவதோடு, உஷ்ணம் ஏறி, நிலத்தடியில் தீயும் மூண்டுவிடக்கூடும். ஆகவே பணியாளர் கையடக்கக் கருவியுடன் ஒவ்வொரு கிணற்றுக்கும் நடந்து சென்று, மீத்தேன் எவ்வளவு, பிராணவாயு எவ்வளவு, உஷ்ணம் எவ்வளவு என்று பார்த்து, வால்வை அரைச் சுற்றோ கால் சுற்றோ திருப்பிவிட்டு அடுத்த கிணற்றுக்குப் போகிறார். தேர்ந்த வைத்தியர் நாடி பார்க்கும் பொறுமை இதற்கு வேண்டும். பொறுமை மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்திலேயே உள்ள சிக்கிட்டா கான்யன் என்ற குப்பை நிலத்தில், வாயு எடுக்கும் ஏற்பாடெல்லாம் இருந்தும், 2022-ஆம் ஆண்டு முதல் அடியாழத்தில் உஷ்ணம் கட்டுமீறி, கசிவுநீர் கொதித்து, கடைசியில் புதுக் குப்பை வாங்குவதையே நிறுத்த வேண்டி வந்தது.

இனி, முதல் கேள்விக்கு வரலாம். ஒரு குப்பை நிலத்தில் உண்டாகும் வாயுவில் எத்தனை சதவிகிதம் பிடிபடுகிறது என்று கேட்டால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பழைய வழிகாட்டி நூல் சராசரியாக 75 என்கிறது. பகுதி எண்ணாகிய பிடிபட்ட வாயுவைக் குழாயிலுள்ள மீட்டர் காட்டிவிடும். முழு எண்ணாகிய உண்டான வாயுவை எந்த மீட்டரும் காட்டாது. அது, எந்த ஆண்டில் எவ்வளவு குப்பை கொட்டப்பட்டது, அதில் மக்குவது எவ்வளவு, அவ்விடத்து மழையும் உஷ்ணமும் எவ்வளவு என்ற விவரங்களைக் கொண்டு கணித மாதிரி ஒன்றால் ஊகித்துப் பெறப்படுவது. ஊகம் குறைவாக இருந்தால் சதவிகிதம் தானாகவே உயர்ந்துவிடும். குறைவாக ஊகிப்பதில் குப்பை நிலத்தை நடத்துபவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. இந்தக் கணக்கை மேலிருந்து சரிபார்க்கும் வசதி அண்மைக் காலத்தில்தான் வாய்த்தது. கலிபோர்னியாவில் விமானத்திலிருந்து விசேஷ நிறமாலைக் கருவிகளால் நடத்திய ஆய்வு ஒன்று, தனித்தனி இடங்களிலிருந்து எழும் பெரிய மீத்தேன் கசிவுகளில் 41 சதவிகிதம் குப்பை நிலங்களிலிருந்தே எழுகிறது என்று 2019-இல் தெரிவித்தது; எண்ணெய்க் கிணறுகளுக்குப் பேர்போன அந்த மாநிலத்தில் இப்படி ஒரு முடிவு வரும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை. 2024-இல் வெளிவந்த விரிவான ஆய்வு, அந்நாடு முழுவதிலும் விமானம் பறந்து பார்த்த குப்பை நிலங்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவற்றில் பெருங்கசிவுகளைக் கண்டதோடு, மொத்த வெளியீடு அரசுக்குக் கொடுக்கப்பட்ட கணக்கைப்போல் 1.4 மடங்கு இருந்ததையும் காட்டியது. 2022-இல் செயற்கைக்கோள்களைக் கொண்டு டெல்லி, மும்பை, லாகூர், புவெனஸ் ஐரிஸ் ஆகிய நகரங்களைப் பார்த்த ஆய்வாளர்களோ, வழக்கமான பட்டியல்கள் சொல்வதைப்போல் 1.4 முதல் 2.6 மடங்கு வரை மீத்தேன் அந்நகரங்களிலிருந்து எழுவதைக் கண்டார்கள். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, 75 என்ற எண்ணை ஓர் அநுபவ உண்மையாகக் கொள்வதற்குப் பதிலாக, நல்ல நிர்வாகம் அடைய விரும்பும் லட்சியமாகக் கொள்வதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது கேள்வி காலத்தைப் பற்றியது. என் கருத்தில் இதுவே பெரிது. எல்லாக் குப்பையும் ஒரே வேகத்தில் மக்குவதில்லை. மரக்கட்டை பல பத்தாண்டுகள் கிடக்கும்; காகிதம் அதனினும் விரைந்து போகும்; உணவோ எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்ளும். குப்பை நிலத்தில் புதைந்த உணவு தன் அளவில் பாதியாகச் சிதைவதற்கு 3.6 ஆண்டுகள் ஆகின்றன என்று அமெரிக்க முகமை 2023-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதே நாட்டில் 1996-இல் விதிக்கப்பட்ட சட்டமோ, பெரிய குப்பை நிலங்களில், இன்னும் குப்பை விழுந்துகொண்டிருக்கும் பகுதியாயின், குப்பை விழுந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அவ்விடத்தில் வாயு எடுக்கும் ஏற்பாட்டைச் செய்தால் போதும் என்கிறது. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துக் கணக்குப் பார்த்தால், சட்டம் கொடுத்த அவகாசம் முழுவதையும் ஒருவர் உபயோகித்துக்கொள்ளும் பட்சத்தில், கிணறு வெட்டுவதற்குள் உணவின் வாயு 62 சதவிகிதம் அளவுக்குப் போயிருக்கும். புதைந்த உணவிலிருந்து எழும் மீத்தேனில் 61 சதவிகிதம் பிடிபடாமலே போகிறது என்று அதே அறிக்கை வேறு வழியில் கணித்துச் சொல்வது இதற்கு வெகு அருகில் நிற்கிறது. பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பைத் தணிப்பதற்கு ஒப்பானது இது. பாத்திரத்தில் மிஞ்சியதை அளந்து, பாலைக் காப்பாற்றிவிட்டோம் என்று மகிழ்வதில் தவறில்லை, ஆனால் அடுப்பு மேடையையும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

இது மிதமான சீதோஷ்ணம் உள்ள நாட்டின் கணக்கு. உஷ்ணமும் மழையும் கூடிய பிரதேசங்களில், விரைந்து மக்கும் பொருள்களுக்கு ஐ.பி.சி.சி. என்னும் சர்வதேசக் காலநிலைக் குழு தன் வழிகாட்டியில் கொடுத்திருக்கும் சிதைவு விகிதம் ஆண்டுக்கு 0.4, அதாவது, பாதியாவதற்கு 1.7 ஆண்டுதான். ஐந்து ஆண்டு காத்திருந்தால் அங்கே மிஞ்சுவது ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. குப்பையில் பாதிக்கு மேல் உணவும் காய்கறியும் இலையுமாக இருக்கும் சென்னை போன்ற ஒரு நகரத்துக்கு, கலிபோர்னியாவில் தேறிய உபாயம் அப்படியே பொருந்தாது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

சென்னையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லலாம். வடக்கே கொடுங்கையூரும் தெற்கே பெருங்குடியும் பல பத்தாண்டுகளாக மாநகரத்தின் குப்பைக் கிடங்குகளாக இருந்து வந்திருக்கின்றன. பெருங்குடிக் கிடங்கு, 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே வளர்ந்தது. இரண்டு இடங்களிலும் மீத்தேனை நேரடியாக அளந்த ஆய்வு ஒன்று 2008-இல் பிரசுரமாயிற்று. அடிப்பக்கம் திறந்த பெட்டி ஒன்றைக் குப்பையின்மேல் கவிழ்த்து வைத்து, உள்ளே சேரும் வாயுவைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துப் பரிசோதிப்பது அந்த ஆய்வாளர்கள் கையாண்ட முறை. கொடுங்கையூரில் ஒரு சதுர மீட்டரிலிருந்து மணிக்கு 1 முதல் 23.5 மில்லிகிராம் வரை மீத்தேன் எழுந்தது; பெருங்குடியிலோ 0.9 முதல் 433 மில்லிகிராம் வரை. ஒரே மேட்டில், ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் ஏறத்தாழ ஐந்நூறு மடங்கு வித்தியாசம்! எந்த இடத்தில் பெட்டியைக் கவிழ்த்தோமோ அதைப் பொறுத்து நகரத்தின் மீத்தேன் கணக்கே மாறிவிடக்கூடும் என்பதை இந்த எண்கள் காட்டுவதுபோல் வேறெதுவும் காட்டாது. அந்த மேடுகளில் கிணறு தோண்டி வாயு எடுப்பதற்கு இருக்கும் இடையூறுகளும் சாமானியமானவை அல்ல. அடியில் களிமண்ணோ பிளாஸ்டிக் விரிப்போ இல்லை, மேலே ஒழுங்கான மண்மூடி இல்லை, வடகிழக்குப் பருவமழை இறங்கினால் குழாய்களில் வாயுவுக்குப் பதிலாகக் கசிவுநீர் நிரம்பும், கோடையிலோ தீப்பிடிக்கும். 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி பெருங்குடியில் மூண்ட தீ அணைவதற்குப் பல நாட்கள் பிடித்ததும், சுற்றுப்புறத்தார் கதவடைத்து வீட்டுக்குள் புகைக்கு அஞ்சிக் கிடந்ததும் இன்னும் மறக்கப்படவில்லை.

இங்கே ஒரு விபரீதத்தையும் குறிப்பிட வேண்டும். ஆழமில்லாமல் பரந்து கிடக்கும் ஒழுங்கற்ற குப்பைமேட்டில் காற்று ஓரளவு புகுந்து புறப்படுவதால், அங்கே மீத்தேன் குறைவாகவே உண்டாகிறது. இறுக்கி, அடுக்கி, மூடிய நவீனக் குப்பை நிலத்துக்கு ஐ.பி.சி.சி. வழிகாட்டி 1 என்ற மதிப்பைக் கொடுத்தால், ஐந்து மீட்டருக்கு மேல் ஆழமுள்ள பராமரிப்பற்ற மேட்டுக்கு 0.8-ம், ஆழமற்றதற்கு 0.4-ம் கொடுக்கிறது. சுகாதாரத்தையும் நிலத்தடி நீரையும் கருதி, அலங்கோலமான மேட்டை விஞ்ஞான ரீதியான குப்பை நிலமாக மாற்றும் நகராட்சி, வாயுவைப் பிடிக்கும் ஏற்பாட்டை முதல் நாளிலிருந்தே செய்யாவிடில், காலநிலை விஷயத்தில் முன்னிருந்ததினும் மோசமான நிலைக்குப் போய்விடும்.

தற்போது பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பயோமைனிங் என்ற பெயரில் பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, மண்ணையும் பிளாஸ்டிக்கையும் கல்லையும் தனித்தனியே பிரிக்கும் பெருமுயற்சி நடைபெறுகிறது. நிலத்தை மீட்பதற்கும், தீயபாயத்தைக் குறைப்பதற்கும் இது மிகச் சிறந்த காரியம். ஆனால், இதனால் பெருமளவு மீத்தேன் தடுக்கப்படும் என்று சிலர் உற்சாகத்தில் சொல்வதை மேற்சொன்ன காலக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் கொட்டிய சோற்றின் வாயு எப்போதோ காற்றோடு கலந்துவிட்டது. தோண்டும்போது கிடைப்பது அதன் எச்சமாகிய மண்ணே. நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் புதிதாக வந்து சேரும் குப்பையில்தான் இன்றைய மீத்தேன் இருக்கிறது.

பணம் எந்தப் பக்கம் பாய்ந்தது என்று பார்த்தாலும் இந்தக் கோணலே தென்படுகிறது. கியோட்டோ உடன்படிக்கையின்கீழ் ஏழை நாடுகளின் வாயுக் குறைப்பைப் பணக்கார நாடுகள் விலைக்கு வாங்கும் திட்டம் ஏற்பட்டபோது, அதில் 2004-இல் முதன்முதலாகப் பதிவானது பிரேசில் தேசத்தில் ரியோவை அடுத்த நோவா இகுவாசுவின் குப்பை வாயுத் திட்டம். சாவோ பாவ்லோவின் பண்டைராண்டெஸ் குப்பை நிலத்தின் வாயுக் குறைப்புக்கான வரவுச் சீட்டுகளை 2007-இல் பகிரங்க ஏலம் விட்டு, அந்நகரசபை நல்ல தொகை ஈட்டியது. கொரியாவில் இஞ்சோன் நகரை ஒட்டிய சுடோக்வோன் குப்பை நிலம் 50 மெகாவாட் நிலையத்துடன் இதே வரிசையில் சேர்ந்தது. மும்பை மாநகராட்சி, 1972 முதல் குப்பை கொட்டிவந்த கோராய் மேட்டை 2007-இன் முடிவில் மூடி, மண்ணும் விரிப்பும் போர்த்தி, வாயுவை எரிக்கும் கோபுரம் அமைத்ததும் இந்த வரவை நம்பித்தான். இத்திட்டங்கள் பலவற்றிலும் உண்மையில் கிடைத்த வாயு, விண்ணப்பத்தில் எழுதியதற்கு வெகுவாகக் குறைந்தே நின்றது. மூடுவதற்கு முன்பே வாயுவில் பெரும்பங்கு போய்விட்டிருந்தால் வேறெப்படி இருக்கும்? தவிர, உண்டான வாயுவை எரித்தால் மீட்டர் பார்த்துப் பணம் கொடுப்பது சுலபம்; உண்டாகாமலே தடுத்ததற்கு மீட்டர் கிடையாது. ஆகவே சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையின் ஒரு வியாபாரி தன் அழுகிய தக்காளியைக் குப்பை லாரியில் ஏற்றாமல் தடுப்பதைவிட, அதே தக்காளியைப் புதைத்து, அது விடும் மூச்சில் ஒரு பகுதியைப் பிடித்து எரிப்பது லாபகரமான தொழிலாகத் தோன்றியது. 2012-க்குப் பின் அந்தச் சீட்டுகளின் விலை விழுந்ததும் அத்தொழிலின் கவர்ச்சியும் விழுந்தது.

உணவுக்கழிவைப் புதைக்காமலே விடுவது சாத்தியமா என்றால், சாத்தியம் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. ஜெர்மனி 2005-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியிலிருந்து, பக்குவப்படுத்தாத குப்பையைப் புதைப்பதையே தடை செய்தது. தென் கொரியா அதே ஆண்டில் உணவுக்கழிவைக் குப்பை நிலத்துக்கு அனுப்புவதைத் தடுத்தது. நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் மக்கும் குப்பையைத் தனியே பிரித்துப் பக்குவப்படுத்தச் சொல்லின. எழுத்தளவில் அவை ஜெர்மனிக்கு அதிகம் இளைத்தவை அல்ல. கோயம்பேட்டுச் சந்தையின் காய்கறிக் கழிவிலிருந்து, நாளொன்றுக்கு 30 டன் அளவில், மூடிய கலத்தில் வாயு எடுக்கும் நிலையம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே கட்டப்பட்டது. அது சில காலம் ஓடியும் சில காலம் நின்றும் வந்ததற்கு நுண்ணுயிர்களைக் குறை சொல்ல முடியாது; தினந்தோறும் பிளாஸ்டிக் பையும் சாக்குக் கயிறும் கலவாத கழிவைக் கொண்டுவந்து சேர்க்கும் ஆள்கட்டும், பழுதானதை உடனே சரிசெய்யும் பொறுப்பும் கட்டடத்தோடு கூடவே வந்துவிடுவதில்லை. ஆயினும், கலத்தில் உண்டாகும் வாயுவில் சிறு கசிவு தவிர யாவும் கைக்கு வருகிறது. மேட்டில் உண்டாவதில் கைக்கு வருவது எவ்வளவு என்பதை மேலே பார்த்தோம்.

இதனால் பழைய மேடுகளில் கிணறு தோண்டவே வேண்டாம் என்று சொல்வதாகக் கொள்ளலாகாது. ஆழமாகவும் பெரியதாகவும், இன்னும் புதுக் குப்பை விழுந்துகொண்டும் இருக்கும் நிலங்களில், விழுந்த சில மாதங்களுக்குள்ளேயே கிடைமட்டமாகத் துளைக்குழாய்களைப் புதைத்துக்கொண்டே மேலே வருவது, ஐந்து ஆண்டு காத்திருந்து செங்குத்தாகத் துளைப்பதைவிட எவ்வளவோ மேல். இதை நடத்துபவர்களும் அறிவார்கள், செலவுக்குத்தான் அஞ்சுகிறார்கள். கிணறு கட்டுபடியாகாத அளவுக்கு வாயு மெலிந்துவிட்ட மேடுகளுக்கோ, அதிகம் பேசப்படாத வேறொரு பரிகாரம் உண்டு. மண்ணில் இயற்கையாகவே வாழும் சில நுண்ணுயிர்கள் மீத்தேனையே ஆகாரமாகக் கொண்டு, பிராணவாயுவின் உதவியால் அதைக் கரியமில வாயுவாக மாற்றிவிடுகின்றன. சாதாரண மண்மூடியிலேயே மேலெழும் மீத்தேனில் பத்தில் ஒரு பங்கை அவை தின்றுவிடுவதாகச் சர்வதேசக் கணக்கில் வைத்திருக்கிறார்கள், மூடியே இல்லாத திறந்த மேட்டுக்கு அந்தச் சலுகையும் இல்லை. டென்மார்க்கின் ஆய்வாளர்கள், நன்கு முதிர்ந்த மக்கு உரத்தைத் தடிமனாகப் பரப்பி, அடியில் சரளைக்கல் அடுக்கின் வழியே வாயுவை அங்கே கொண்டுவந்து சேர்த்தால், அந்நுண்ணுயிர்கள் அதைவிட வெகு அதிகமாகத் தின்னும் என்று ஃபாக்ஸே முதலிய இடங்களில் சோதித்திருக்கிறார்கள். மின்சாரமோ உறிஞ்சும் இயந்திரமோ இதற்கு வேண்டியதில்லை. நம் கிடங்குகளில் சலித்து எடுக்கப்படும் பழங்குப்பை மண், கன உலோகங்கள் கலந்திருக்குமோ என்ற ஐயத்தால் வயலுக்குப் போக முடியாமல், பள்ளம் நிரப்பத்தான் பயன்படுகிறது. அதில் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டுச் சிறு நகராட்சிகளின் மூடப்படாத மேடுகளுக்கு இவ்விதப் போர்வையாக இடலாமா, எத்தனை அடி தடிமனில் இட்டால் மழைக்காலத்தில் நீர் தேங்காமலும் கோடையில் வெடிக்காமலும் நிற்கும் என்பதை, ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்து இரண்டு பருவமழைக் காலங்கள் முழுவதும் அளந்து பார்க்கலாம். அந்தப் பழைய பெட்டியும் ஊசிக்குழலுமே அதற்குப் போதும், காற்றழுத்தமானி ஒன்றும் கூட இருந்தால்.